தோன்றா எழுவாய்: ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ இசைத்தொகுப்பில் சுருக்கமும் பொறுப்பும்

முன்னுரை

1983ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதில் உள்ளவை 9 பாடல்கள். மொத்த நீளம் ஏறத்தாழ 21 நிமிடங்கள். இக்கட்டுரையை ஒருவர் நிதானமாகப் படித்து முடிப்பதற்குள் அத்தொகுப்பை முழுமையாகக் கேட்டுவிடலாம். அதனை உருவாக்கிய மைனர் த்ரெட் குழுவினர் அப்போது இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அக்குழு தன் இறுதி மேடை நிகழ்ச்சியை நடத்தியது. இத்துணைக் குறுகிய வாழ்வும் இத்துணைக் குறுகிய படைப்பும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்கப்படுவதற்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஹார்ட்கோர் பங்க் எனப்படும் இவ்விசைவகையின் ஈர்ப்பை வேகம், உரத்த ஒலி, இளமைச் சினம் என்னும் மூன்றால் விளக்குவது வழக்கம். இம்மூன்றும் உண்மையே. ஆயினும் அதே வேகமும் அதே சினமும் கொண்ட எத்தனையோ தொகுப்புகள் மறக்கப்பட்டன. எனவே வேறொரு காரணத்தைத் தேட வேண்டியுள்ளது. ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ தொகுப்பின் மதிப்பு அதன் சுருக்கத்தில் மட்டும் இல்லை. தன் சுருக்கம் எதனை விட்டுவிட்டது என்பதை உணர்ந்து, வேகத்தை ஒரு கணம் நிறுத்தி, அதற்குப் பொறுப்பேற்ற இடத்தில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இதனை விளக்கத் தமிழ் இலக்கண மரபின் சில கருத்துகள் துணைபுரிகின்றன. அவ்விசைக்கும் தமிழுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று இக்கட்டுரை வாதிடவில்லை. குறுகிய வடிவங்களை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பயின்றுவரும் ஒரு மொழி, பிறிதொரு பண்பாட்டின் குறுகிய வடிவத்தை மதிப்பிடத் தக்க கருவிகளை உடையது என்பதே ஈண்டுக் கொண்ட நம்பிக்கை.

தொகுப்பும் அதன் காலமும்

1970களில் ராக் இசை நீண்டுகொண்டே சென்றது. ‘யெஸ்’ என்னும் ஆங்கிலேயக் குழுவின் 1972ஆம் ஆண்டுத் தட்டொன்றில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாடல் நிறைத்தது. இந்நீட்சிக்கு மறுப்பாகவே பங்க் இசை எழுந்தது. நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு 1976இல் தன் முதல் தொகுப்பில் 14 பாடல்களை அரைமணி நேரத்துக்குள் அடக்கியது. இலண்டனின் ‘ஒயர்’ குழு 1977இல் வெளியிட்ட ‘பிங்க் ஃப்ளாக்’ தொகுப்பில் 21 பாடல்கள் இருந்தன. அப்பாடல்களுள் ஒன்றனை மைனர் த்ரெட் பின்னர்த் தானும் பாடிப் பதிவு செய்தது என்பது இவ்வழிமரபைக் காட்டும். வாஷிங்டனிலேயே, கறுப்பின இளைஞர்களைக் கொண்ட ‘பேட் பிரெய்ன்ஸ்’ குழு அதுவரை கேட்டிராத வேகத்தை மேடையில் நிகழ்த்திக் காட்டியது. மைனர் த்ரெட் குழுவினர் அவர்களைத் தம் முன்னோடிகளாகவே கருதினர்.

இயன் மெக்காய் பாடகர். ஜெஃப் நெல்சன் டிரம்ஸ் வாசித்தவர். இவ்விருவரும் முன்பு ‘டீன் ஐடில்ஸ்’ என்னும் குழுவில் இருந்தவர்கள். அக்குழு கலைந்தபின் அதன் பாடல்களை வெளியிடுவதற்காக 1980இல் டிஸ்கார்ட் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கினர். தட்டின் உறையை எவ்வாறு செய்வது என்று தெரியாமையால் வேறொரு தட்டின் உறையைப் பிரித்துப் பார்த்து, அதன் வடிவத்தில் தாமே தாளை வெட்டி மடித்து ஒட்டினர். கித்தார் வாசித்த லைல் பிரெஸ்லரும் பேஸ் கித்தார் வாசித்த பிரையன் பேக்கரும் இணைய, மைனர் த்ரெட் உருவாயிற்று. 1981இல் வெளிவந்த அதன் முதல் தட்டில் இருந்த 8 பாடல்களும் சேர்ந்து 10 நிமிடத்தை எட்டவில்லை. அதே ஆண்டின் இறுதியில் ‘இன் மை ஐஸ்’ என்னும் தட்டு 4 பாடல்களுடன் வந்தது.

‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ 1983ஆம் ஆண்டு சனவரியில் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் டான் ஸியன்டாரா தம் இல்லத்தில் நடத்திவந்த இன்னர் இயர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயிற்று. இதற்குள் ஸ்டீவ் ஹான்ஸ்ஜென் பேஸ் கித்தாரை ஏற்க, பேக்கர் இரண்டாவது கித்தாருக்கு மாறியிருந்தார். இதனால் ஒலி முன்னைவிடச் செறிவு பெற்றது. இதன் நீளத்தைக் கருதி இதனை முழுத் தொகுப்பெனக் கொள்ளத் தயங்குவாரும் உளர். ஆயினும் அக்குழு தந்தவற்றுள் ஒரு முழுத் தொகுப்பென்று சுட்டத்தக்கது இதுவே. பிற்காலத்தில் குழுவின் பாடல்கள் 26உம் ஒரே குறுந்தட்டில் அடங்கிவிட்டன.

அளவே இலக்கணம்

அடிவரையறை கொண்டு பாடல்களைத் தொகுக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை. 9 முதல் 12 அடி வரை நற்றிணை. 13 முதல் 31 அடி வரை அகநானூறு. பொருளால் மூன்றும் அகமே. அளவே அவற்றைப் பிரித்தது. அளவு மாறும்போது சொல்லும் முறையும் மாறிவிடுகிறது என்பதைத் தொகுத்தோர் அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். அகநானூற்றுப் புலவர் ஒரு நிலக்காட்சியை விரிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் இடத்தில் குறுந்தொகைப் புலவர் பாடலையே முடித்துவிடுகிறார்.

ஹார்ட்கோர் இசையிலும் அளவே இலக்கணம். ஒரு பாடல் இரண்டு நிமிடத்துக்கு மேற்செல்லாது என்று முடிவு செய்தவுடன் பல கூறுகள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. நீண்ட முன்னிசைக்கு இடமில்லை. கித்தார் தனிவாசிப்புக்கு இடமில்லை. ஒரு காட்சியை வருணித்து, அதன்வழி உணர்வைப் படிப்படியாக எழுப்புவதற்கும் இடமில்லை. பாடகர் வாய் திறக்கும்போதே உணர்வு முழுமை பெற்றிருக்க வேண்டும். கேட்போர் ஒரு பூசலின் நடுவில் கதவைத் திறந்து நுழைந்தவர் போல் ஆகின்றனர்: யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருக்கின்றனர், முன்கதை கூறப்படுவதில்லை, தொடர்ந்து கேட்பதன்றி வேறு வழியில்லை.

‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ தொகுப்பின் பாடல்கள் பெரும்பாலும் நட்பின் முறிவைப் பற்றியவை. முதற்பாடலான ‘பிட்ரே’ தன்னை விட்டுப் பிறர்வழி சென்ற நண்பனை நோக்கிய முறையீடு. ‘லுக் பேக் அண்ட் லாஃப்’ ஒரு குழுவுக்குள் எழுந்த பிணக்கைப் பின்னொரு நாள் சிரிப்புடன் நினைக்க முடியுமா என்று வினவுவது. இவை அரசியல் முழக்கங்கள் அல்ல. ஒரு சிறு வட்டத்துக்குள் ஒருவர் மற்றொருவரை விளித்துப் பேசிய பேச்சுகள். மெக்காய் உரத்துக் கத்தினாலும் சொற்களை மென்று விழுங்குவதில்லை. அவ்வேகத்திலும் ஒவ்வொரு சொல்லையும் செவியில் பதியும்படி ஒலிப்பது அவர்தம் தனித்திறன். வேகம் கேட்போரைத் தள்ளிக்கொண்டு செல்கிறது. உச்சரிப்பின் தெளிவு அவர்களைப் பொருளோடு பிணித்து வைக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுவிசையே இத்தொகுப்பு முதற்கேள்வியில் தரும் இன்பம் எனலாம்.

நன்னூலார் நூலுக்குரிய அழகு பத்தனுள் சுருங்கச் சொல்லலை முதலிலும் விளங்க வைத்தலை அதற்கு அடுத்தும் வைத்தார். குற்றம் பத்தனுள் முதலில் வைத்தது குன்றக் கூறலை. அழகுகளின் முதலும் குற்றங்களின் முதலும் ஒன்றுக்கொன்று அண்டை வீடுகள். சுருங்கச் சொல்லுதல் ஓரடி கூடுதலாகச் சென்றால் குன்றக் கூறல் ஆகிவிடும். அவ்வெல்லையில்தான் இக்குழுவின் மிகப் புகழ்பெற்ற பாடலும் நிற்கிறது.

விடுபட்ட ‘நான்’

தொகுப்பின் தலைப்புப் பாடல் புதியதன்று. 1981ஆம் ஆண்டின் ‘இன் மை ஐஸ்’ தட்டில் முன்னரே வெளிவந்தது. பாடுபவர் மூன்று செயல்களைக் குறிப்பிட்டு, அவற்றில் தமக்கு நாட்டம் இல்லை என்கிறார்: புகை, மது, பொறுப்பற்ற உடலுறவு. அதனால் உலகின் நடையோடு தம் அடி ஒவ்வவில்லை என்று முடிக்கிறார். இப்பாடலும், முதல் தட்டில் இடம்பெற்ற, ஒரு நிமிடத்துக்கும் குறைந்த ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ என்னும் பாடலும் சேர்ந்து, போதையை விலக்கும் இளைஞர் இயக்கம் ஒன்றுக்கு வித்திட்டன. அவ்வியக்கம் அப்பாடலின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. அம்மூன்று எதிர்மறைத் தொடர்களிலும் ‘நான்’ என்னும் எழுவாய் ஒலிக்கவில்லை. தாளக்கட்டுக்குள் அச்சொல் பொருந்தி அமையாமையால் அது பெரும்பாலும் உள்ளுறையாகவே விடப்பட்டது. ஆங்கிலத்தில் இவ்விடுபாடு பெரிய விளைவை உண்டாக்கும். அம்மொழியில் தன்மை ஒருமையின் எதிர்மறை வினையும் முன்னிலையின் ஏவல் எதிர்மறையும் வடிவத்தால் ஒன்றே. எழுவாய் இருந்தால் அது தன்னைப் பற்றிய கூற்று. எழுவாய் நீங்கினால் அது பிறர்க்கு இடும் கட்டளை. ஒரு சிறு மாத்திரை இடம் கிடைக்காமற்போனதால், தன்னிலை உரைத்த ஓர் இளைஞனின் பாடல் ஊரார்க்கு ஒழுக்கம் விதிக்கும் ஆணையாக மாறிற்று.

இதனைத் தமிழில் பெயர்க்க முற்பட்டபோது நானும் முதலில் இப்பிழையையே செய்தேன். ‘அருந்தாதே’ என்னும் வாய்பாட்டில் மூன்று ஏவல்களை எழுதினேன். ஆத்திசூடியைப் பயின்று வளர்ந்த செவிக்கு, சிறிய எதிர்மறைத் தொடர் ஒன்று வந்தவுடன் அறவுரை என்றே தோன்றுகிறது. எழுதியது பிழையென்று ஐயமும் எழவில்லை. பின்னர்த் தொகுப்பின் 1983ஆம் ஆண்டு வடிவத்தைக் கூர்ந்து கேட்டபோதுதான் ‘அருந்தேன்’ என்பதே உரிய வாய்பாடு என்று தெளிந்தேன். தமிழில் இவ்விரண்டும் மயங்குவதற்கு வழியே இல்லை. எழுவாய் தோன்றாவிடினும் வினைமுற்றின் ஈறு அதனைக் காட்டிக்கொடுக்கும். ‘ஏன்’ என்னும் விகுதி பேசுபவரைத் தன்னுள் அடக்கியது. ‘ஆதே’ என்பது கேட்பவரை நோக்கியது. நம் இலக்கண நூல்கள் தோன்றா எழுவாய் என்று இயல்பாகக் குறித்துச் செல்லும் ஒன்று, ஆங்கிலத்தில் ஓர் இயக்கத்தின் போக்கையே திருப்பிவிட்டது.

குழுவுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. பாடலின் தொனி பிறர்மேல் அதிகாரம் செலுத்துவதுபோல் உள்ளது என்று நெல்சன் குறை கூறினார். தம் நண்பரும் பதிப்பகத்தின் பங்காளியுமான ஒருவர் கூறிய குறையை மெக்காய் புறந்தள்ளவில்லை. 1983இல் அப்பாடலை மீண்டும் பதிவு செய்தபோது, அதன் நடுவே பேச்சாக அமைந்த ஒரு பகுதி இடம்பெற்றது. அதில் அவர், இது விதிகளின் தொகுப்பு அன்று, யாரும் என்ன செய்ய வேண்டும் என்று கூற வரவில்லை, உலகம் பெரிதாக மதிக்கும் சிலவற்றைத் தாம் அவ்வாறு மதிக்கவில்லை என்பதே செய்தி என்னும் கருத்துப்பட விளக்குகிறார். விளக்கம் முடிந்ததும் பாடல் மீண்டும் தன் வேகத்தை அடைகிறது.

எச்சமும் முன்னமும்

இப்பேச்சுப் பகுதியை இசையின்பம் கருதும் கேட்போர் சிலர் விரும்புவதில்லை. 1981ஆம் ஆண்டு வடிவமே கூர்மையானது. பாடலை நிறுத்தி உரை கூறுவது ஹார்ட்கோரின் இயல்புக்கே முரண் என்பர். இக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. பாடல் என்ற அளவில் முதல் வடிவமே வலிமை மிக்கது. எய்த அம்பு நடுவழியில் நின்று தன் நோக்கத்தை விளக்குவதில்லை.

ஆயினும் தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணும் உறுப்புகளுள் இரண்டு இவ்விடத்து நினைக்கத்தக்கன. ஒன்று எச்சம்: வெளிப்படக் கூறாமல், பின்னர்ச் சொல்லாலோ குறிப்பாலோ முடிவு பெறும்படி விடப்படுவது. மற்றொன்று முன்னம்: இவ்விடத்து, இம்மொழி, இவர், இவர்க்கு உரைத்தது என்று கேட்போர் உணருமாறு அமைவது. குறுகிய செய்யுள் எச்சத்தால் வாழ்கிறது. எனினும் முன்னம் இன்றி எச்சம் நிற்காது. குறுந்தொகைப் பாடலை நாம் இன்றும் தடுமாற்றமின்றிப் படிப்பது, தலைவி தோழிக்கு உரைத்தது, தோழி தலைவனுக்கு உரைத்தது என்று கூற்றையும் கேட்போரையும் சுட்டும் சிறு குறிப்புகள் பாடல்களோடு சேர்ந்து வருவதால். பேசுபவரை மாற்றிக்கொண்டால் அதே சொற்கள் வேறு பாடலாகிவிடும்.

வாஷிங்டனில் நண்பர்கள் நிறைந்த ஒரு சிறு கூடத்தில் பாடியபோது மெக்காயின் பாடலுக்கு முன்னம் தேவைப்படவில்லை. பாடுபவரை அங்குள்ளோர் அறிவர். விடுபட்ட ‘நான்’ அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. தட்டு அஞ்சலில் பயணம் செய்து வேறு நகரத்தின் அறிமுகமற்ற செவியை அடைந்தபோது முகம் உடன் செல்லவில்லை. சொற்கள் மட்டுமே சென்றன. 1983ஆம் ஆண்டின் பேச்சுப் பகுதி இவ்விழப்பை ஈடுசெய்யும் கூற்றுக் குறிப்பாகும். பழம்பாடல்களுக்குப் பிறர் குறிப்பு எழுதிச் சேர்த்தனர். இங்கோ பாடியவரே தம் பாடலுக்குள் நின்று அதனை உரைக்கிறார். அழகில் சிறிது இழந்து பொருளில் மிகுதியும் பெற்ற இடம் அது.

அடுத்து வரும் பாடல் இவ்வமைப்பை மேலும் உறுதிப்படுத்துகிறது. ‘கேஷிங் இன்’ என்னும் அவ்விறுதிப் பாடல் முதல் உறையின் பாடற்பட்டியலில் குறிக்கப்படவில்லை. இசையைக் காசாக்கவே தாங்கள் வந்ததுபோல் தம்மைத் தாமே எள்ளிப் பாடும் பாடல் அது. சொற்களை நேர்ப்பொருளில் கொண்டால் குழுவின் கொள்கைக்கே மாறானது. நகைக்குரிய நிலைக்களங்களுள் எள்ளலை முதலாவதாக எண்ணிய மரபுக்கு இது புதிதன்று. கருதத்தக்கது அதன் இடமே. முந்திய பாடலில் ‘இவ்வாறே பொருள்கொள்ளுங்கள்’ என்று வெளிப்படையாக வேண்டியவர், அடுத்த பாடலில் எந்த விளக்கமும் இன்றி நேர்மாறாகப் பேசி, கேட்போரின் முன்ன அறிவைச் சோதிக்கிறார். கேட்போரை முழுதும் நம்பியதாலன்றி அவ்வாறு செய்ய இயலாது.

குன்றக் கூறலின் விலை

விளக்கம் தேவையற்றது என்போர்க்கு அக்குழுவின் மற்றொரு பாடலே விடையாகும். 1981ஆம் ஆண்டின் ‘இன் மை ஐஸ்’ தட்டில் ‘கில்ட்டி ஆஃப் பீயிங் ஒயிட்’ என்னும் பாடல் உள்ளது. கறுப்பின மாணவர் பெரும்பான்மையாக இருந்த வாஷிங்டன் பள்ளிகளில் வெள்ளையின மாணவராகத் தாம் பெற்ற அனுபவத்திலிருந்து அதனை எழுதியதாகவும், இனவெறிக்கு எதிரான பாடலாகவே அதனைக் கருதியதாகவும் மெக்காய் பலமுறை கூறியுள்ளார். ஆனால் அப்பள்ளி, அந்நகரம், அவ்வயது ஆகிய எதுவும் பாடலுக்குள் போதிய அளவு இல்லை. ஒன்றரை நிமிடத்தை எட்டாத அப்பாடல் தன் சூழலை வெளியே விட்டுவிட்டு வந்தது. அதன் விளைவாக வெள்ளையர் மனக்குறையின் முழக்கமாக அதனை எடுத்துக்கொண்டோரும் இருந்தனர். 1996இல் ‘ஸ்லேயர்’ குழு அதனை மீண்டும் பாடியபோது, இறுதியில் ‘வெள்ளை’ என்னும் பொருளுடைய சொல்லின் முதல் ஒலியை மட்டும் மாற்றி ‘சரி’ என்னும் பொருள் தரும் சொல்லாக்கியது. மெக்காய் அதனைக் கண்டித்தார்.

கண்டனம் நியாயமானதே. எனினும் பழி முழுவதையும் கேட்டவர்மீதும் திரித்தவர்மீதும் சுமத்த இயலாது. அடிமைமுறையின் வரலாற்றைக் கொண்ட நாட்டில், சிறுபான்மையாக இருந்த ஒரு வகுப்பறையின் அனுபவத்தை அந்நாட்டின் முழு வரலாற்றுக்கும் எதிராக நிறுத்துவதற்கு அக்குறுகிய நேரம் போதாது. அது சுருங்கச் சொல்லல் அன்று, குன்றக் கூறல். ஒரே தட்டில் அடுத்தடுத்து இடம்பெற்ற இரு பாடல்களுள் ஒன்று 1983இல் தன் முன்னத்தைப் பெற்றது, மற்றொன்று பெறவில்லை. முதலாவது தன்னைத் தவறாகக் கொள்வோர்க்கு இன்றும் தானே விடை கூறுகிறது. இரண்டாவதற்காக அதனை எழுதியவர் பல்லாண்டுகள் பேட்டிதோறும் விடை கூற நேர்ந்தது. இரு பாடல்களின் பிற்கால வாழ்வும் காட்டும் வேறுபாடு இதுவே.

விளக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்றும் கூறுவதற்கில்லை. பாஸ்டனிலும் பின்னர் நியூயார்க்கிலும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் கொள்கையைக் கடுமையான ஒழுக்கமாக ஏற்ற குழுக்கள் தோன்றின. ‘விதிகள் அல்ல’ என்று கூறிய பாடலையே விதியாகக் கொண்டோரும் உண்டு. வாஷிங்டன் நிகழ்ச்சிகளில் கைகலப்பும் முரட்டுத்தனமும் பெருகி, பெண்கள் உள்ளிட்ட பலர் விலகிச் செல்ல நேர்ந்தது. 1985இல் அந்நகர இசைக்கலைஞர்கள் ‘ரெவல்யூஷன் சம்மர்’ என்னும் பெயரில் புதிய குழுக்களுடன் வேறொரு பாதையைத் தொடங்கியதற்கு இம்முரட்டுத்தனம் ஒரு காரணம். மெக்காயும் அம்மாற்றத்தில் பங்குகொண்டார். ஒரு பாடலின் நடுவே கூறிய சில தொடர்கள் ஓர் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. திறனாய்வு வினவத்தக்கது, பாடல் தன் கடமையைச் செய்ததா என்பது மட்டுமே. செய்தது.

உலகம் மலையாமையும் உலகோடு ஒவ்வாமையும்

நன்னூலார் எண்ணிய அழகுகளுள் ஒன்று உலகம் மலையாமை: உயர்ந்தோர் வழக்கோடு மாறுபடாதிருத்தல். ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ என்னும் தலைப்போ அணிநடையில் பிறரோடு அடி ஒவ்வாதிருத்தலைக் குறிப்பது. பெயராலேயே இத்தொகுப்பு அவ்வழகை மறுத்துவிட்டது எனத் தோன்றும். உறையில் சிந்தியா கோனலி வரைந்த ஓவியமும் அதனையே காட்டுகிறது: வெள்ளாட்டு மந்தையன்று, வெண்ணிறச் செம்மறி மந்தை, அதிலிருந்து விலகித் தாவி ஓடும் ஒரு கருநிறச் செம்மறி.

அவ்வோவியத்தை மேலும் நோக்கினால் ஒன்று புலனாகும். கருநிற ஆடு மந்தையைத் தன்பின் அழைக்கவில்லை. மந்தையை நோக்கிப் பேசவும் இல்லை. அது தன்வழி செல்கிறது, அவ்வளவே. ‘அருந்தேன்’ என்பதற்கும் ‘அருந்தாதே’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவ்வோவியம் சொல்லின்றி உணர்த்துகிறது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் பத்துக் குறட்பாக்களில் உலகோர்க்கு உரைக்கும் அறம். அதன் பேச்சாளர் தனியொருவர் அல்லர். சான்றோர் அனைவர் சார்பிலும் அது பேசுகிறது. அவ்வுரிமை நீதிநூலுக்கு உண்டு. இருபது வயது இளைஞருக்கு அவ்வுரிமை இல்லை என்பதை அவர்தம் நண்பரே உணர்த்தினார், அவரும் உணர்ந்தார். எனவே இத்தொகுப்பை நீதிப்பாடல் வரிசையில் வைப்பது பொருந்தாது. தன் நிலையைத் தானே உரைக்கும் தனிக்கூற்றாகக் கேட்பதே தகும்.

இளையோர் இதன்பால் ஈர்க்கப்படுவதற்கும் இதுவே காரணம் என்று கருத இடமுண்டு. விலக்குகளைப் பட்டியலிட்டு உரைக்கும் குரல்கள் அவர்களைச் சுற்றி எப்போதும் உண்டு: வீட்டில், பள்ளியில், வழிபாட்டிடத்தில். அவை யாவும் முன்னிலையில் பேசுகின்றன. தன்மையில் பேசி, பிறரை அவரவர் வழியில் விட்டுவிடும் குரல் அரிது. அக்குரல் உரத்தும் விரைந்தும் ஒலித்து, ஏற்கச்சொல்லி வற்புறுத்தாமல் 21 நிமிடங்களில் விலகிவிடுவது அதனினும் அரிது.

நிறைவுரை

குறுகிய, விரைந்த இசைத்தொகுப்பின் ஈர்ப்பை அதன் வேகத்தால் மட்டும் விளக்குவது, குறட்பாவின் பெருமையை ஏழு சீர் என்னும் எண்ணிக்கையால் விளக்குவதை ஒக்கும். சுருக்கம் எதனையோ விட்டே அமைகிறது. விடப்பட்டது கேட்போரால் நிரப்பத்தக்கதாயின் அது எச்சம்; நிரப்ப இயலாததாயின் அது குறை. ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ தொகுப்பை உருவாக்கியவர்கள் தாம் விட்ட ஒரே ஒரு சொல் பிறர் வாயில் ஆணையாக மாறியதைக் கண்டனர். தம் கலையின் தலைமைப் பண்பான வேகத்தையே சிறிது நேரம் விட்டுக்கொடுத்து அச்சொல்லை மீட்டனர். அவ்வாறு மீட்கப்படாத மற்றொரு பாடல் அடைந்த நிலை, அச்செயலின் அருமையை எதிர்மறையால் விளக்குகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பிறமொழியின் குறுந்தொடரைத் தமிழாக்கும்போது சொற்பொருளுக்கு முன்னர் இடத்தை ஆராய வேண்டும்: தன்மையா, முன்னிலையா, படர்க்கையா? ஆங்கிலம் மறைத்துச் சொல்லக்கூடியதைத் தமிழ் வெளிப்படச் சொல்லியே ஆக வேண்டிய இடங்களில், மொழிபெயர்ப்பு என்பது ஒரு தீர்ப்பும் ஆகிறது. என் முதல் வரைவில் நான் தந்த தீர்ப்பு தவறு. ‘ஏன்’ என்னும் ஒரு விகுதி அதனைத் திருத்தியது. அப்பாடலில் தாளத்துக்குள் அடங்காமற்போன ‘நான்’ தமிழில் அடங்கிவிடுகிறது. அதற்கென ஒரு தனிச்சொல்லும் வேண்டியதில்லை.